கடையில் விற்காத தோட்டா

நவம்பர் 9

மாமாவின் நண்பர் டேல் காலையிலேயே தன் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மூன்று துப்பாக்கிகளையும் உறையோடு எடுத்துப் போய்விட்டார். இனிக் கொஞ்ச நாளைக்கு அவர் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். கேரேஜில் ஈரம் அதிகமாக இருக்கிறது, துருப்பிடித்துவிடும் என்று மாமாவிடம் சொன்னேன். மொன்டானாவில் நவம்பரில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே "செரி" என்றார்.

வெடிப்பொடி வைத்திருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். கேரேஜைச் சுத்தம் செய்யும்போது கை தவறிக் கொட்டிவிடக் கூடாது அல்லவா.

மதியம் ரசமும் பீன்ஸ் பொரியலும். இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

நவம்பர் 11

இந்த நோட்டு பிசியோதெரபிப் பெண் கொடுத்தது. மாமா என்ன பயிற்சி செய்தார், எப்படி இருந்தார் என்று தினமும் எழுதச் சொன்னாள். தமிழில்தான் எழுதுவேன், வாரக் கடைசியில் படித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றாள்.

அவளுக்காக முறையாக எழுதுகிறேன். நோயாளி என் கணவர் நாச்சிமுத்து, அறுபத்தாறு வயது. என் அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு மாமாதான். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் தொடங்கி, இங்கே அமெரிக்காவில் ஒரு கருவிக் கம்பெனியில் நுணுக்கமான கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. கால் கொஞ்சம் இழுக்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

பயிற்சி: பந்தைப் பிடித்து அழுத்துவது. செய்யவில்லை.

நவம்பர் 15

குளியலறைத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்துவிட்டேன். படுக்கையறைக் கதவையும் திறந்தே வைக்கிறேன், காற்று வரட்டும் என்று.

பயிற்சி இல்லை.

நவம்பர் 28

சிகாகோவிலிருந்து மகள் சுகந்தி பேசினாள். அப்பாவிடம் கொடுத்தேன். "நல்லாருக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். இருட்டும்வரை அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 3

இன்று ஒரு காரியம் செய்தேன். கேரேஜில் அவருடைய வேலை மேஜைக்குப் போனேன்.

முப்பது வருஷமாக நான் அந்த மேஜையைத் தொட்டதில்லை. அவருக்கு அது கோயில், எனக்கு "வெடி வேலை". ஞாயிற்றுக்கிழமை ஆனால் டேலும் அவரும் காகிதத்தைக் குறி வைத்துச் சுடப் போவார்கள். ஒரு மானையோ முயலையோ இவர் சுட்டதில்லை. மற்ற நாட்களில் காலித் தோட்டாக் கூடுகளைக் கழுவி, திரும்பப் பொடியும் குண்டும் வைத்துத் தாமே தோட்டா செய்துகொள்வார். அது போதாதென்று கடைசி இரண்டு வருஷமாக ஒரு புதுக் கிறுக்கு. இங்கே அதை வைல்ட்கேட் என்பார்கள். எந்தக் கம்பெனியும் செய்யாத, எந்தக் கடையிலும் கிடைக்காத தோட்டா. இருக்கிற பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைக் குறுக்கி, தோளைக் கீழே இறக்கி, தன் கணக்குப்படி வேறொன்றாக மாற்றுவது. அதற்கேற்றபடி துப்பாக்கிக் குழலையும் தானே குடைந்துகொள்வது. குழல் வேலையை முடித்துவிட்டார். கூடுகளைத் தொடங்கும்போதுதான் விழுந்துவிட்டார்.

மேஜையின் மேல் எல்லாம் அப்படியே இருந்தது. பெரிய கைப்பிடி வைத்த பிரஸ், அவர் கடைந்த அச்சு, டப்பா நிறையக் கூடுகள். ஒரு கூட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதை எப்படிங் மாமா குறுக்கறது?"

என்னையே பார்த்தார். "உனக்கெதுக்கு புள்ள அது?"

"பொழுது போகோணுமில்லீங்க. எத்தன நாளைக்கு டிவி பாக்கறது?"

"ஸ்வெட்டர் பின்னு."

"நீங்க சொல்லித் தரலீன்னா டேலக் கேட்டுக்கறேன்."

"அவனுக்கென்ன தெரியும்" என்றார். செப்டம்பருக்குப் பிறகு நான் கேட்ட முதல் கோபம். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 6

கூடுகளைத் துடைத்தேன். உள்ளே வெறும் காற்று. பொடி இல்லை, துப்பாக்கி இல்லை, பித்தளை மட்டும். இதில் ஒரு ஆபத்தும் இல்லை என்று மருத்துவமனை நர்ஸிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவளிடம் எதற்குக் கேட்டேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

பயிற்சி: பந்து, கொஞ்சம்.

டிசம்பர் 13

கூடு அச்சுக்குள் மாட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். கூட்டை அச்சுக்குள் தள்ளும் முன் அதன்மேல் மெழுகு மாதிரி ஒரு பசையைத் தடவ வேண்டும். அவர் நாற்காலியில் இருந்தபடியே கத்தினார், "லேசாத் தடவு, லேசா! பணியாரக் கல்லுக்கு எண்ண ஊத்தற மாதிரி ஊத்தாத!" போன வாரம் அதிகமாகத் தடவி எல்லாக் கூட்டிலும் ஒடுக்கு விழுந்திருந்தது. அதனால் இன்று துடைத்துத் துடைத்துத் தடவினேன். கைப்பிடியை இழுத்தேன், உள்ளே போனது, வெளியே வரமாட்டேன் என்றது. என் பலம் முழுவதும் போட்டேன். அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அவரே எழுந்து வந்தார். கம்பை ஊன்றி, நிலையைப் பிடித்து, கேரேஜின் இரண்டு படியையும் இறங்கி வந்தார். நான் தாங்கப் போனேன். "தொடாத" என்றார்.

குனிந்து பார்த்தார். "அச்சு போச்சு."

"போச்சுங்களா?"

"போகல. ட்ரில்ல எடு."

மாட்டிய கூட்டின் அடியில் துளை போட்டு, திருகுமரை வெட்டி, ஒரு போல்ட்டைத் திருகி இழுக்க வேண்டும். அவர் இடது கையால் அச்சைப் பிடித்துக்கொண்டார். நான் துளை போட்டேன். "நேராப் புடி. இன்னும் நேரா. நீ சாயற பாரு. மூச்ச நிறுத்து." கடைசியில் டப்பென்று கூடு வெளியே வந்து விழுந்தது. இரண்டு பேர் நெற்றியிலும் வேர்வை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தன வருஷம் மருந்துக் கடைல வேல பாத்தவ, அளவுன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?" என்றார்.

"அங்க யாரும் எம்மேல கத்தலீங்க."

சிரித்தார் என்று எழுத மாட்டேன். வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது.

இரவு இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவதைப் பாதி.

டிசம்பர் 25

டேல் கேக் கொண்டுவந்தார். நான் செய்த கூடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் கழுத்து விரிசல் விட்டு வெடித்திருக்கிறது என்றார். மாமாவும் அதையேதான் சொல்லியிருந்தார், இவ்வளவு மரியாதையாக இல்லை.

ஜனவரி 4

சுகந்தி வீடியோவில் பார்த்துவிட்டாள். பின்னால் பிரஸ் தெரிந்திருக்கிறது.

"அம்மா, என்ன பண்ணிட்டு இருக்கீங்க? அப்பா இருக்கற நெலமைல போய் வெடி சாமான வெச்சு வெளையாடிட்டு!"

"வெறும் கூடுதான் கண்ணு."

"இன்னைக்கு வெறும் கூடு. நாளைக்கு?"

பேச்சை மாற்றினேன். அவளுக்குப் பாதிதான் தெரியும். பாதியே அவளை இவ்வளவு பயமுறுத்துகிறது.

ஜனவரி 5

தூக்கம் சரியில்லை. குளிர்தான் காரணம்.

ஜனவரி 18

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிசியோ பெண்ணுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டப் போவதில்லை.

காலையில் இருந்தே கேரேஜில் இருந்தோம். நாலைந்து கூடுகள் கழுத்து வெடிக்காமல் வந்திருந்தன. அவர் ஒன்றை இடது கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே, "பொடிய எடு. உள்ள எவ்வளவு புடிக்குதுன்னு பாக்கலாம்" என்றார்.

"இப்ப எதுக்குங்க? கூடே இன்னும் செரியா வரல."

"சாவி எங்க?"

"எங்கயோ வெச்சுட்டனுங்க. தேடோணும்."

"பொய் சொல்லாத புள்ள. உனக்குப் பொய் வராது. காது செவந்துக்கும்."

நான் கூடுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"டேலு எதுக்கு வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனான்னு எனக்குத் தெரியாதா? பாத்ரூம் தாப்பாள் எங்க போச்சுன்னு தெரியாதா? மூளைல அடிபட்டதுதான். அதுக்குன்னு முட்டாளாயிட்டனா?"

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், என்னை அவசரப்படுத்திக் கடைக்கு அனுப்பினார். போய்விட்டு அப்படியே நாலு இடம் பார்த்துவிட்டு மெதுவாக வா என்றார். அவர் அப்படிச் சொல்லும் ஆள் இல்லை. பாதி வழியில் கைப்பையை மறந்தது தெரிந்து திரும்பி வந்தேன். கேரேஜில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி அலமாரி திறந்திருந்தது. கையில் எதுவும் இல்லை. "சும்மா பாத்துட்டிருந்தேன்" என்றார். நானும் கைப்பையை எடுக்க வந்தேன் என்றேன். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வீட்டில் எதுவும் இருக்கக் கூடாது என்று அந்த நர்ஸ்தான் சொன்னாள். டேலுக்குச் சொன்னபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இத்தனை நாளில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று நான்தான் கேட்டேன்.

"அன்னைக்கு நான் கைப்பைய மறக்காமப் போயிருந்தா?"

கையிலிருந்த கூட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். "தெரியல."

பிறகு, "நெனச்சேன். அது நெசம்."

கேரேஜில் கால் மரத்துப்போகும் குளிர். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பல்லு வெளக்கி உடற. சட்ட மாட்டி உடற. சோத்தப் பெசஞ்சு தர்ற. இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு அளவு தப்பாம கடஞ்ச கையி இது. பட்டன் போட முடியல. உனக்குப் பாரமாட்ட எதுக்குக் கெடக்கோணும்?"

"பாரமா இருந்தா நானே சொல்லியிருப்பனுங்க மாமா. இத்தன வருசத்துல நான் எதையாச்சும் சொல்லாம வெச்சிருக்கறனா?"

யோசித்தார். "அது இல்ல" என்றார். "எதையும் நீ உட்டு வெச்சதில்ல."

சிரிப்பு மாதிரி தொடங்கி, அழுகையாகப் போய்விட்டது. அவர் அழுது நான் பார்த்தது அவர் அம்மா செத்தபோது மட்டும்தான். அந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. தேய்த்துவிட்டேன்.

"டேலுக்குப் போன் போடு" என்றார் கடைசியில். "பொடியையும் அவனே எடுத்துட்டுப் போகட்டும். இங்க வேண்டாம்."

"அப்ப தோட்டா?"

"கூடு இங்க செய்யலாம். மிச்சம் அங்க. நீ எதுக்குச் சாவிய வெச்சுட்டுத் தூங்காமக் கெடக்கறது?"

ஜனவரி 19

டேல் வந்து எடுத்துப் போனார். போகும்போது மாமாவின் தோளைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். 

ஜனவரி 22

டாக்டரிடம் தானே சொன்னார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை ஒரு ஆலோசகர் வீடியோவில் பேசுவார். "சின்னப் பையன். தாடி வெச்சிருக்கறான். காது குடுத்துக் கேக்கறான்" என்றார்.

ஜனவரி 26

தூங்கினேன். எழுந்தபோது அவர் காபி போட முயன்று அடுப்பெல்லாம் பால் கொட்டிக் கிடந்தது.

பிப்ரவரி 8

கழுத்து ஏன் வெடிக்கிறது என்று பாடம். பித்தளையை அழுத்த அழுத்த அது இறுகி முரடாகிவிடும். நெருப்பில் காட்டி இளக்கினால்தான் வளைந்து கொடுக்கும். அதிகம் காட்டினால் வெண்ணெய் மாதிரி ஆகி ஒன்றுக்கும் உதவாது.

நான் கூட்டை இடுக்கியில் பிடித்து பர்னர் சுடரில் சுழற்றுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கழுத்தின் நிறத்தை மட்டும் பார்க்கிறார். சரியான நேரத்தில் "இப்ப" என்கிறார். தண்ணீரில் போடுகிறேன். சுர்ரென்கிறது. அடுத்தது. "இப்ப." அடுத்தது. சாயங்காலம்வரை எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை.

இப்போது ஒன்று கூட வெடிப்பதில்லை. எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்குத் துணையாகத்தான் செய்கிறேன்.

பிப்ரவரி 20

இன்று அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கேரேஜில் தனியாக ஒரு பெட்டிக் கூடுகளை முடித்துவிட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 15

சுகந்தி வந்திருக்கிறாள். சண்டை போடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்தான் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு எழுந்து கேரேஜுக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "லேசாத் தடவு கண்ணு, லேசா! உங்கம்மா மாதிரியே இருக்கறயே!"

மார்ச் 17

சுகந்தி கிளம்பினாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நீங்க எளச்சுட்டீங்கம்மா" என்றாள். வண்டியில் வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம்.

ஏப்ரல் 12

வலது கை விரலால் ஒரு கூட்டைப் பிடித்துத் தூக்கினார். உடனே விழுந்துவிட்டது. திரும்பத் தூக்கினார். பிசியோ பெண் கைதட்டினாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

மே 10

டேலின் கொட்டகையில் முதல் தோட்டாக்களுக்குப் பொடி வைத்தோம். கடைத் தோட்டாவுக்கு எவ்வளவு பொடி என்று புத்தகத்தில் இருக்கும். இதற்குப் புத்தகமே இல்லை, உலகத்தில் இதைச் செய்திருப்பது நாங்கள் மட்டும்தான். மிகக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் போக வேண்டும். நான் தராசைப் பார்த்துச் சொல்ல, டேல் திரும்பவும் நிறுத்துப் பார்க்க, மாமா மூன்றாவதாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மருந்துக் கடையில் கூட இவ்வளவு பார்த்ததில்லை.

மே 24

இன்றுதான் சுட்டோம்.

டேலின் நிலம் ஊரைத் தாண்டி வெகுதூரம் புல்லாக விரிந்து கிடக்கிறது. முதல் தோட்டாவை யாரும் தோளில் வைத்துச் சுடவில்லை. மாமா குழல் குடைந்த துப்பாக்கியை ஒரு சட்டத்தில் கட்டி, விசையில் கயிறு போட்டு, எல்லோரும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றோம். கயிற்றை மாமாவிடம் கொடுத்தார் டேல். அவர் என்னிடம் நீட்டினார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"கூடு உன்றது. நீயே இழு."

இழுத்தேன். வெடித்தது. புல்வெளி முழுக்க எதிரொலி போய் வந்தது. வேறொன்றும் ஆகவில்லை. டேல் போய்க் கூட்டை எடுத்து வந்தார். வெடிப்பில்லை, பிளவில்லை. உள்ளிருந்த அழுத்தத்தில் தோள் குழலுக்குச் சரியாக உப்பி, அவர் வரைந்த வடிவத்துக்கே வந்திருந்தது. சூடாக இருந்த அதை மாமா கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

பிறகு மேஜை போட்டு, மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்து, அவரே இடது கையால் சுட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கொடுத்தேன்.  

ஒன்றும் தேறவில்லை. குறி வைத்த காகிதத்தில் ஓட்டைகள் ஒரு தோசை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. இடது கையின் குற்றமோ என்று டேல் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படியேதான். பிறகு டேல் தன் அப்பா காலத்துத் துப்பாக்கியை எடுத்து, கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். எல்லா ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் விழுந்தது.

மாமா இரண்டு காகிதத்தையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  இரண்டு வருஷக் கணக்கு. ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பேர் வேலை. இந்த மனிதர் திரும்பவும் அந்த ஜன்னலுக்குப் போய்விட்டால் என்ன செய்வேன் என்று புரியாமல் டேலைப் பார்த்தேன். டேல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் தோள் குலுங்கியது. குனிந்து முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"என்ன புள்ள இது! இத்தன கூத்துப் பண்ணிப்போட்டு, கடைல விக்கறதுக்கு மோசமா இருக்குது!"

டேலுக்கு ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னார். டேலும் சிரித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுக்கச் சொல்லி, காகிதத்தின் பின்பக்கம் இடது கையால் கோணலாக ஒரு கூடு வரைந்தார்.

"தோள் சாய்வு தப்பு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். கழுத்தும் ஒரு நூலு நீளமா இருக்கோணும். குழல் குடையற கருவிய மொதல்ல இருந்து செய்யோணும். எங் கைல ஆகாது, நீ லேத் ஓட்டக் கத்துக்கோ. நான் பக்கத்துல இருந்து சொல்றேன். குளுரு காலம் முழுக்கச் செரியா இருக்கும்."

"எந்தக் குளுரு காலமுங்க?"

"வர்ற குளுரு காலந்தான். வேற எது?" என்றார், வரைவதை நிறுத்தாமல்.

தண்ணீர் பாட்டில் எடுக்க வேண்டும் என்று சொல்லி வண்டிக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வரும் வழியெல்லாம் லேத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து தயிர்சோறு சாப்பிட்டுத் தூங்குகிறார். கேரேஜ் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பனி விழுவதற்குள் புதிதாக ஒன்று பார்க்க வேண்டும்.